டீச்சருக்கு என்ன வாங்கித் தர்றது? பெற்றோர் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

சிங்கப்பூர்ல ஆகஸ்ட் பாதி தாண்டிட்டாலே போதும், டீச்சர்ஸ் டேக்கு என்ன குடுக்குறதுன்னு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப், ஸ்கூல் கேட்டு, தமிழ் வகுப்பு முடியுற வரைக்கும் வெளியில காத்துக்கிட்டு நிக்குற இடம்னு எங்க போனாலும் இதே பேச்சுதான். நான் பேரண்ட் வாலண்டியரா இருக்குறதால என்கிட்டயே நிறைய பேர் கேப்பாங்க, அதுவும் ஊர்லேந்து புதுசா வந்தவங்க ரொம்பவே பதட்டமா கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போடுறதுக்குப் பதிலா எல்லாத்தையும் இங்க எழுதி வச்சிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

டீச்சர்ஸ் டே எப்போங்க? ஊர்ல செப்டம்பர் 5, இங்க வேற தேதி சொல்றாங்களே?

சிங்கப்பூர்ல செப்டம்பர் மாசத்து முதல் வெள்ளிக்கிழமைதான் டீச்சர்ஸ் டே. 2010 வரைக்கும் செப்டம்பர் 1னு இருந்துச்சு, அப்புறம்தான் வெள்ளிக்கிழமைக்கு மாத்தினாங்க. 2025ல அந்த வெள்ளி செப்டம்பர் 5லயே வந்ததால ரெண்டும் ஒண்ணுன்னு சில பேர் நெனச்சிட்டாங்க. 2026ல செப்டம்பர் 4. ஜொகூர்ல சொந்தக்காரங்க இருந்தா அவங்க மே 16னு சொல்வாங்க, அது மலேசியா கணக்கு.

முக்கியமான விஷயம் என்னன்னா அந்த வெள்ளிக்கிழமை ஸ்கூல் லீவு. பிள்ளைங்க கொண்டாடுறது முந்தின நாள் வியாழக்கிழமை, காலையில ஹால்ல நிகழ்ச்சி வச்சிட்டு சீக்கிரமே விட்டுடுவாங்க. அதனால கார்டு, பொருள் எல்லாம் புதன்கிழமை ராத்திரியே பையில இருக்கணும். வெள்ளிக்கிழமை காலையில கேக் வாங்கிக்கிட்டு கேட்டுல போய் நின்னா பூட்டித்தான் கிடக்கும், அடுத்த வாரமும் செப்டம்பர் லீவு.

கண்டிப்பா ஏதாச்சும் குடுக்கணுமா? குடுக்கலன்னா பிள்ளைய வேற மாதிரி பார்ப்பாங்களா?

குடுக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. எத்தனையோ பிள்ளைங்க வெறுங்கையோட போய் 'ஹேப்பி டீச்சர்ஸ் டே மிஸ்'னு சொல்லிட்டு வருவாங்க, அதுவே போதும். இதை வச்சு மார்க் குறைப்பாங்க, பின்னால உக்கார வைப்பாங்கங்குற பயம் நம்ம ஆளுங்ககிட்ட நிறைய பார்க்குறேன், தயவுசெஞ்சு அந்தப் பயத்துல காசு செலவு பண்ணாதீங்க. ஏதாவது தரணும்னு தோணினா ஒரு கார்டு எழுதிக் குடுங்க, அது எப்படின்னு கீழ விவரமா சொல்றேன்.

50 வெள்ளி (டாலர்) ரூல்னு ஏதோ சொல்றாங்க, அது என்ன?

அரசாங்க ஸ்கூல் டீச்சருங்க அரசாங்க ஊழியருங்க, அவங்களுக்குப் பரிசு வாங்குறதுல விதி இருக்கு. 50 வெள்ளிக்கு மேல மதிப்புள்ள பொருள் வந்தா அவங்க மேலிடத்துல அறிவிச்சே ஆகணும், அதை வச்சுக்கணும்னா அதோட மதிப்பைக் கைக்காசு போட்டுக் கட்டணும். அப்ப நீங்க ஆசையா 120 வெள்ளிக்கு ஒரு ஹேண்ட்பேக் வாங்கிக் குடுத்தா என்ன ஆகும், அவங்களுக்கு ஃபார்ம் நிரப்புற வேலை, சங்கடம், கடைசியில பேக் உங்ககிட்டயே திரும்பி வரவும் வரலாம்.

அதுக்காக 49 வெள்ளி 90 காசுக்குத் தேடவும் வேணாம். என்னைக் கேட்டா 10லேந்து 20 வெள்ளிக்குள்ள நிறுத்திக்கிறது நல்லது. விலையைப் பார்த்ததும் டீச்சருக்குக் கூச்சம் வரக்கூடாது, அதுதான் நான் வச்சிருக்குற அளவு.

அப்ப ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட் வவுச்சர் குடுக்கலாமா? ஆங் பாவ், அதான் சிவப்புக் கவர்ல காசு வச்சா?

காசு வேணவே வேணாம், எந்தக் கவர்லயும் வேணாம். மொய் எழுதுற பழக்கத்துல நமக்கு அது சாதாரணமா தெரியும், ஆனா டீச்சர் கையில பிள்ளையோட அப்பா அம்மா காசு குடுக்குறதுன்னா இங்க அதுக்கு அர்த்தமே வேற. வவுச்சரும் கிட்டத்தட்ட காசு மாதிரிதான், விலையும் மேலயே அச்சடிச்சிருக்கும், அதனால அரசாங்க ஸ்கூல் டீச்சருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். டியூஷன் டீச்சர் கதை வேற, அது கீழ வருது.

சரி, பொருள்னா என்னதான் வாங்குறது? மக், கீசெயின் தவிர எதுவுமே தோண மாட்டேங்குது.

மக் வாங்காதீங்க. பிரைமரி 1, 2ல கிளாஸுக்கு 30 பிள்ளைங்க, அதுக்கு மேல 40 வரைக்கும் போகும். ஒரு சப்ஜெக்ட் டீச்சர் மூணு நாலு கிளாஸ் எடுத்தா நூத்துக்கும் மேல பிள்ளைங்க. அதுல கால்வாசிப் பேர் 'பெஸ்ட் டீச்சர்'னு போட்ட மக் கொண்டு வந்தா அவங்க எங்க வைப்பாங்க? ஸ்டாஃப் ரூம்ல அவங்களுக்குன்னு இருக்குறது ஒரு மேசை, அதுலயும் பாதி திருத்த வேண்டிய நோட்டுதான். அதனால நான் யோசிக்கிறது ரெண்டே விஷயம், தீர்ந்து போற பொருளா இருக்கணும், இல்ல தினமும் வேலைக்கு ஆகுற பொருளா இருக்கணும்.

தினமும் கத்திக் கத்தி தொண்டை போயிடும், அதனால தேன், இஞ்சி டீ பாக்கெட், தொண்டை மிட்டாய் எல்லாம் ரொம்ப உபயோகம். ஏர்கான் ரூம்ல உக்காந்து திருத்துறவங்களுக்கு மெல்லிசா ஒரு ஷால், முஸ்தபாவுலயும் தேக்கா பக்கத்துக் கடைங்கள்லயும் 15 வெள்ளி பட்ஜெட்ல தேடினா அழகா கிடைக்கும். நோட்டுக் கட்டைத் தூக்கிட்டுப் போறதுக்கு அடி அகலமான துணிப்பை. நல்லா எழுதுற ஜெல் பேனா ஒரு செட், ஸ்டிக்கி நோட்டு, கை கழுவிக் கழுவி மார்க்கர் மை தொட்டுக் காஞ்சு போற கைக்குக் கிரீம். வாசனை அதிகமா இருக்குற கேண்டில், சென்ட் எல்லாம் விட்டுடுங்க, நிறைய பேருக்குத் தலைவலி வரும்.

தமிழ் டீச்சருக்குன்னு ஒண்ணு சொல்றேன், இதை நான் பார்க்குறவங்க எல்லார்கிட்டயும் சொல்வேன். பாப்புலர் கடைக்குப் போனா 'குட் ஜாப்', 'வெல் டன்'னு பாராட்டு ஸ்டிக்கர் ரேக் ரேக்கா தொங்கும், தமிழ்ல தேடினா லேசுல கிடைக்காது. ஏ4 ஸ்டிக்கர் பேப்பர் ஒரு பாக்கெட் வாங்கி, 'அருமை', 'கையெழுத்து அழகு', 'இன்னும் ஒரு தடவை வாசி', 'நல்ல முயற்சி'ன்னு பிள்ளைய விட்டே படம் வரைய வச்சு, ஸ்கேன் பண்ணி, நாலஞ்சு ஷீட் பிரிண்ட் எடுத்து ஒரு கவர்ல போட்டுக் குடுங்க. பேப்பர் காசும் இங்க் காசும்தான் செலவு. அந்த வருஷம் முழுக்க மத்த பிள்ளைங்க நோட்டுலயெல்லாம் உங்க பிள்ளை வரைஞ்ச மயில் ஒட்டியிருக்கும்.

என் பையன் கார்டுல 'ஹேப்பி டீச்சர்ஸ் டே, தேங்க் யூ'ன்னு எழுதிட்டு முடிஞ்சுதுங்குறான். அதுக்கு மேல எப்படி எழுத வைக்குறது?

'டீச்சர்கிட்ட உனக்கு என்ன பிடிக்கும்?'னு கேட்டா எந்தப் பிள்ளையும் 'நல்லவங்க'ன்னுதான் சொல்லும். கேள்விய மாத்திக் கேளுங்க. 'நீ அழுதப்ப டீச்சர் என்ன பண்ணாங்க? எப்பவாவது கிளாஸ் முழுக்க சிரிச்சீங்களா, ஏன்? புரியாம இருந்த எது இப்ப புரியுது? டீச்சர் அடிக்கடி சொல்ற வார்த்தை என்ன?' இப்படிக் கேட்டுட்டு நீங்க வாயைத் திறக்காதீங்க, ஒரு துண்டுப் பேப்பர்ல பிள்ளை சொல்றதை அப்படியே எழுதிக்குங்க, திருத்தாதீங்க. அப்புறம் அதுலேந்து ரெண்டு மூணு வரிய அவங்களே கார்டுல எழுதட்டும்.

என் பொண்ணு பிரைமரி 3ல எழுதினது இது, அவளைக் கேட்டுட்டுத்தான் போடுறேன்: 'மிஸ், எனக்கு ஃப்ராக்‌ஷன் புரியலன்னு அழுதேன். நீங்க ரீசஸ்ல சாப்பிடாம பேப்பரை மடிச்சு மடிச்சு காட்டினீங்க. இப்ப நான் வீட்ல புரோட்டாவை எட்டாப் பிச்சு தம்பிக்கு சொல்லிக் குடுக்குறேன். அவன் மூணு பீஸ் சாப்பிட்டான், எட்டுல மூணு.' அவ்வளவுதான் கார்டு. டீச்சர் அதைப் படிச்சிட்டு எட்டுல அஞ்சு யார் சாப்பிட்டான்னு அவகிட்ட கேட்டிருக்காங்க. தான் மெனக்கெட்டது வீணாப் போகலன்னு ஒரு டீச்சருக்குத் தெரியுறது இந்த மாதிரி வரியிலதான், எந்தக் கடையிலயும் இது கிடைக்காது. ஏஐ கிட்ட எழுதச் சொல்லி பிள்ளைய காப்பி பண்ண வைக்காதீங்க, தினமும் அவங்க நோட்டைத் திருத்துற டீச்சருக்கு ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சிடும்.

தமிழ் டீச்சருக்குத் தமிழ்லதான் எழுதணுமா? எங்க வீட்ல பிள்ளைங்க இங்கிலீஷ்தான், ஏகப்பட்ட பிழை வருமே.

தமிழ்லயே எழுதட்டும், பிழையோட இருக்கட்டும். 'நண்றி'ன்னு எழுதினாலும் விட்டுடுங்க. வீட்ல இங்கிலீஷ் பேசுற பிள்ளை தானா உக்காந்து, மார்க் இல்லாத ஒரு விஷயத்துக்காக நாலு வரி தமிழ்ல எழுதுச்சுன்னா, இங்க ஒரு தமிழ் டீச்சருக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்ல. நீங்க மேலேந்து சொல்லி அழகா எழுத வச்சா அது உங்க தமிழ் ஆயிடும்.

எழுதவே கஷ்டப்படுற சின்னப் பிள்ளைன்னா முப்பது செகண்ட் பேசி வீடியோ எடுங்க. வாய்மொழித் தேர்வுக்கு வீடியோவைப் பார்த்துப் பேச டீச்சர்தானே பழக்கினாங்க, அந்தப் பேச்சை அவங்ககிட்டயே காட்டலாம்.

சீன டீச்சருக்குக் கடிகாரம் குடுக்கக் கூடாதாமே, நெஜமா?

நெஜம்தான். சீனத்துல கடிகாரம் குடுக்குறதைச் சொன்னா சாவு வீட்ல கடைசியா வழியனுப்புறது மாதிரி கேக்கும், அதனால தவிர்ப்பாங்க. குடை குடுத்தா பிரிவு வரும்னு ஒரு நம்பிக்கை, கத்தி கத்திரிக்கோலும் அப்படித்தான், கைக்குட்டை வேணாம். வெள்ளை, மஞ்சள் சாமந்தி சாவுக்கு வைக்குற பூ, நாம பூஜைக்கு வாங்குற பழக்கத்துல அதையே கட்டிக் குடுத்துடாதீங்க. நாலு நாலா எதையும் குடுக்க வேணாம். இளைய டீச்சருங்க பல பேர் இதெல்லாம் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, இருந்தாலும் தெரிஞ்சுக்கிட்டே ஏன் செய்யணும்.

நம்ம டீச்சருக்குன்னா பஃபலோ ரோட்டுப் பூக்கடையில ரெண்டு முழம் மல்லிகை வாங்கி வாழை இலையில மடிச்சுக் குடுத்துப் பாருங்க, காலையிலயே தலையில வச்சுக்குவாங்க. ஆனா பூ வைக்குற பழக்கம் உள்ளவங்களான்னு முதல்ல பிள்ளைகிட்ட கேட்டுக்குங்க.

வீட்ல செஞ்ச முறுக்கு, கேக் குடுக்கலாமா? மலாய் டீச்சர்னா ஹலால் பார்க்கணுமே?

முஸ்லிம் டீச்சருக்குக் கடையில வாங்குற, முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரை இருக்குற பாக்கெட்தான் நல்லது. நம்ம வீட்ல பன்றி இறைச்சி சமைக்கிறதே இல்ல, முறுக்குல அரிசி மாவும் எண்ணெயும்தானேன்னு நமக்குத் தோணும், சில டீச்சர் சந்தோஷமா சாப்பிடவும் செய்வாங்க, ஆனா 'இதை எப்படி வேணாம்னு சொல்றது'ன்னு ஒருத்தரை நாம யோசிக்க வைக்கக் கூடாது. மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய்ல ஜெலட்டின் இருக்கும், அது முஸ்லிம் டீச்சருக்கும் சிக்கல், சைவ டீச்சருக்கும் சிக்கல். சைவம்னா கேக்குல முட்டையையும் பாருங்க.

மத்தபடி வீட்டுப் பலகாரம் தாராளமா குடுக்கலாம், கொஞ்சமா, மூடி இறுக்கமா இருக்குற டப்பாவுல, என்ன போட்டிருக்குன்னு ஒரு சீட்டு ஒட்டி. நெலக்கடலை, முந்திரி இருந்தா கட்டாயம் எழுதுங்க. டப்பா திரும்ப வேணும்னு எதிர்பார்க்காதீங்க. கிரீம் கேக்கை சின்னப் பிள்ளை கையில குடுத்து ஸ்கூல் பஸ்ல அனுப்பவே அனுப்பாதீங்க.

கிளாஸ் குரூப்ல ஆளுக்கு 10 வெள்ளி போட்டு ஒரு பெரிய கிஃப்ட் வாங்கலாம்குறாங்க. போடுறதா வேணாமா?

முப்பது பேர் பத்து பத்து வெள்ளி போட்டா 300 வெள்ளி. மேல சொன்ன 50 வெள்ளி விஷயத்தை நெனச்சுப் பாருங்க, நிறைய பேர் சேர்ந்து குடுத்தாலும் டீச்சர் கைக்கு வர்றது 300 வெள்ளிப் பொருள்தான், அவங்க அறிவிக்கணும். அதைவிட எனக்குக் கவலை வேற. எல்லா வீட்லயும் பத்து வெள்ளி லேசான காசு கிடையாது. குரூப்ல பேர் பேரா டிக் போட்டு லிஸ்ட் ஓடும்போது போடாதவங்க பேர் மட்டும் தனியா நிக்கும், அந்தப் பிள்ளையோட அம்மா அதை ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. இந்த லிஸ்ட்டைத் தயவுசெஞ்சு போடாதீங்க.

சேர்ந்து செய்யணும்னா ஒரு பெரிய ஸ்க்ராப்புக், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், படமோ எழுத்தோ. ஸ்க்ராப்புக் வாங்குற காசை ஒருத்தர் ரெண்டு பேர் பேசாம பார்த்துக்கலாம். எல்லாப் பிள்ளை பேரும் அதுல இருக்கணும், ஒரு பேரும் விடுபடக் கூடாது, பக்கம் வராத பிள்ளைக்கு ஒரு ஃபோட்டோ ஒட்டிப் பேர் எழுதிடுங்க.

எத்தனை டீச்சருக்குத்தான் குடுக்குறது? ஃபார்ம் டீச்சர் (கிளாஸ் டீச்சர்), கோ-ஃபார்ம், மேத்ஸ், சயின்ஸ், தமிழ், பிஇ, மியூசிக்...

எல்லாருக்கும் பொருள் வேணாம். பிள்ளைய உக்கார வச்சு யாருக்குக் குடுக்கணும்னு கேளுங்க, நீங்க எதிர்பார்க்காத பேர் வரும். சில பிள்ளைக்கு லைப்ரரி ஆன்ட்டிதான் உசுரு. அவங்க சொல்ற ரெண்டு மூணு பேருக்கு ஒழுங்கா எழுதின கார்டு, மத்தவங்களுக்கு ஒரு சின்ன சீட்டு, ஒரு சாக்லேட். தமிழ் டீச்சரை மட்டும் மறந்துடாதீங்க, பல கிளாஸ் பிள்ளைங்க கலந்து வர்ற வகுப்புங்குறதால கிளாஸ் குரூப்ல அவங்க பேரே பல தடவை விட்டுப் போயிடுது.

செக்யூரிட்டி அங்கிள், கிளீனர் ஆன்ட்டி, பஸ் அங்கிள், ஸ்டூடன்ட் கேர் (ஸ்கூல் முடிஞ்சப்புறம் பிள்ளைங்களைப் பார்த்துக்குற இடம்), டியூஷன் இவங்களுக்கெல்லாம்?

அந்த நாள்ல யாருமே நெனச்சுப் பார்க்காத ஆளுங்க இவங்கதான். பஸ் அங்கிளுக்கும் கிளீனர் ஆன்ட்டிக்கும் பிள்ளை கையால ஒரு கார்டு, கூட பிஸ்கட் பாக்கெட், மைலோ பாக்கெட் குடுங்க, ரொம்ப சந்தோஷப்படுவாங்க. டியூஷன் டீச்சர் தனியா தொழில் பண்றவங்க, அரசாங்க விதி அவங்களுக்குப் பொருந்தாது, வவுச்சரோ தீபாவளிக்குப் புடவையோ உங்க விருப்பம். ஸ்டூடன்ட் கேர், தனியார் பாலர் பள்ளின்னா அந்தந்த இடத்துக்குன்னு சொந்த விதி இருக்கும், ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

எங்க ஸ்கூல்லேந்தே 'பரிசு வேண்டாம், கார்டு போதும்'னு மெசேஜ் வந்துச்சு. சும்மா மரியாதைக்குச் சொல்றாங்களா?

இல்லங்க, வேணாம்னா வேணாம்தான். நம்ம பக்கம் மூணு தடவை வேணாம்னு சொல்லி நாலாவது தடவை வாங்கிக்கிற பழக்கம் உண்டு, இங்க அப்படி எடுத்துக்காதீங்க. கார்டுன்னா கார்டு மட்டும். வற்புறுத்தினா டீச்சர்தான் பிரின்சிபல்கிட்ட பதில் சொல்லணும்.

குடுத்ததைத் திருப்பி அனுப்பிட்டாங்க. எங்களுக்கு அவமானமா போச்சு.

உங்களை அவமானப்படுத்துறதுக்காக அனுப்பினது இல்ல, 50 வெள்ளி கேள்வியில சொன்ன காரணமாத்தான் இருக்கும். 'புரியுது டீச்சர், சிரமம் குடுத்ததுக்கு மன்னிச்சிடுங்க'ன்னு ஒரு வரி மெசேஜ் போட்டுட்டு விட்டுடுங்க. பிள்ளைகிட்டயும் சொல்லிடுங்க, 'டீச்சர் கார்டை வச்சுக்கிட்டாங்க, பொருளை வாங்க அவங்களுக்கு அனுமதி இல்ல'ன்னு, இல்லன்னா தன்னைப் பிடிக்காமத்தான் திருப்பிட்டாங்கன்னு அது நெனச்சுக்கும்.

அந்த டீச்சர் மேல எனக்கு வருத்தம் இருக்கு, என் பிள்ளைய எல்லார் முன்னாடியும் திட்டினாங்க. அவங்களுக்கும் குடுக்கணுமா?

மனசில்லாம குடுக்க வேணாம். ஆனா அந்த வருத்தத்தைப் பேச அப்பாயின்ட்மென்ட் வாங்கி நேர்ல போங்க, டீச்சர்ஸ் டே கார்டுல குத்தல் வைக்காதீங்க. பிள்ளைக்கு அதே டீச்சரைப் பிடிச்சிருந்து தானே எழுதணும்னு சொன்னா தடுக்காதீங்க, அது அவங்க ரெண்டு பேர் விஷயம்.

என் மகன் ரெண்டு வருஷம் கிளாஸ்ல வாயே திறக்கல, இந்த டீச்சராலதான் பேசுறான். 20 வெள்ளிப் பொருள் இதுக்கு ஈடாகுமா?

ஆகாது. 200 வெள்ளிப் பொருளும் ஆகாது. இந்த மாதிரி கடனுக்கு நான் சொல்றது ஒரு ஈமெயில். ஸ்கூல் ஆபீஸ் முகவரிக்கு, பிரின்சிபல் பேருக்கு எழுதி, டீச்சருக்கும் ஒரு காப்பி போடுங்க. 'ரொம்ப நல்ல டீச்சர்'னு எழுதாதீங்க, என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க: முதல்ல பையன் எப்படி இருந்தான், டீச்சர் என்ன செஞ்சாங்க, இப்ப எப்படி இருக்கான். கிளாஸுக்குள்ள நடக்குறது பிரின்சிபல் கண்ணுக்கு எல்லாம் தெரியாது, பெற்றோர் குறை சொல்லித்தான் அதிகமா எழுதுறாங்க, நல்லதைச் சொல்லி ஒரு கடுதாசி வந்தா அது டீச்சருக்கு உண்மையிலயே உதவும்.

தமிழ் டீச்சரா இருந்தா நல்லாசிரியர் விருதுக்கு அவங்க பேரைக் குடுங்க. தமிழ் முரசு பேப்பரும், சிங்கப்பூர்த் தமிழாசிரியர் சங்கமும், தமிழ் மொழி கற்றல் வளர்ச்சிக் குழுவும் சேர்ந்து 2002லேந்து நடத்துறாங்க, மாணவர்களும் பெற்றோரும் முன்மொழியலாம், அறிவிப்பு முரசுல வரும். எல்லாப் பாட டீச்சருக்கும் பொதுவா அதிபர் (பிரசிடென்ட்) விருதுன்னு ஒண்ணு 1998லேந்து இருக்கு. படிவத்துல நீங்க எழுதப் போறதும் அந்த ஈமெயில்ல இருக்குறதுதான், அதனால ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்க.

பிள்ளை பிரைமரி 6. பிஎஸ்எல்இ, அதான் பிரைமரி முடியுற பரீட்சைக்கு முன்னாடி குடுத்தா லஞ்சம் மாதிரி தெரியுமா? ரிசல்ட் வந்தப்புறம் குடுக்கலாமா?

லஞ்சமா தெரியாது, பிஎஸ்எல்இ பேப்பரைத் திருத்துறது அவங்க கிளாஸ் டீச்சர் இல்ல. செப்டம்பர்லயே கார்டைக் குடுத்துடுங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருந்து குடுத்தா நன்றி மார்க்குக்குன்னு ஆயிடும், மார்க் குறைஞ்சா குடுக்காமயே போயிடுவோம், ஆறு வருஷம் பார்த்துக்கிட்டவங்களுக்கு அது நியாயம் இல்ல. ரிசல்ட் அன்னைக்கு எந்த மார்க் வந்தாலும் போய் ஒரு தடவை கும்பிட்டுட்டு வரச் சொல்லுங்க.

செகண்டரி போயாச்சு. பழைய பிரைமரி டீச்சரைப் பார்க்கப் போனா அவங்களுக்கு ஞாபகம் இருக்குமா, உள்ள விடுவாங்களா?

அந்த வியாழக்கிழமை செகண்டரி ஸ்கூலும் சீக்கிரம் விட்டுடும், அதனால யூனிஃபார்மோட கூட்டமா பழைய ஸ்கூலுக்குப் போறது இங்க ரொம்ப நாளாவே பழக்கம். பழைய மாணவர் எத்தனை மணிக்கு வரலாம்னு சில ஸ்கூல்ல முன்கூட்டியே சொல்லிடுவாங்க, ஆபீஸுக்கு ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டுக்குங்க, கேட்டுல பேர் எழுதி பாஸ் வாங்கணும், மாணவர் கார்டைக் கொண்டு போகச் சொல்லுங்க. உயரமா வளர்ந்து, குரலும் உடைஞ்சு போய் நிக்குற பிள்ளைய முதல் பார்வையில அடையாளம் தெரியாமப் போகலாம், அதனால போனதும் பேரையும் எந்த வருஷம் எந்த கிளாஸ்னும் சொல்லட்டும். பரிசு எதுவும் தேவையில்ல. இப்ப என்ன படிக்குறாங்க, எந்த சிசிஏல (இணைப்பாட நடவடிக்கையில) இருக்காங்கன்னு டீச்சர் கேப்பாங்க, நின்னு பதில் சொல்லிட்டு வந்தா போதும்.